நிலாவெளிக் கபானாவின் நீர்ப்பம்பி: வலுவைக் குறைத்து, தாங்கியைப் பெருக்கி

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் போனால் நிலாவெளி. அங்கே வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் என் சின்னம்மாவுக்கு ஒரு கபானா இருக்கிறது. இரண்டு அறை, இரண்டு குளியலறை, ஒரு சிறு சமையலறை, முன்புறம் கிடுகு வேய்ந்த திண்ணை. உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை என்பதால் ஊருக்கு அவர் இன்றும் ரீச்சர்தான்.

தண்ணீர் முழுவதும் வளவுக்குள் இருக்கும் கிணற்றிலிருந்து வருகிறது. கொங்கிறீட் வளையம் இறக்கிய மணற்கிணறு அது. வறண்ட மாதங்களில் தரையிலிருந்து 9 அடியில் தண்ணீர் நிற்கும். அதற்குக் கீழே நீரின் ஆழம் 5 அடி. கிணற்றடியில் தகரம் வேய்ந்த ஒரு சிறு கொட்டில். அதற்குள் 1 குதிரைவலு வார்ப்பிரும்புப் பம்பி, பக்கத்தில் நாகம் பூசிய இரும்புத் தாங்கி. மேலே உயர்த்திய தாங்கி எதுவும் இல்லை. கடைக்காரர்கள் பிரஷர் டாங்க் என்று சொல்லும் இந்த அமுக்கத் தாங்கியே குழாய்களுக்கு நேரடியாகத் தண்ணீரைத் தள்ளியது.

முறைப்பாடுகள் மெல்ல மெல்லச் சேர்ந்தவை. ஷவரில் தண்ணீர் பொங்கிப் பொங்கி வந்தது. பம்பி கிளம்பும்போதெல்லாம் திண்ணை விளக்கு மங்கியது. எல்லாக் குழாயும் பூட்டியிருக்கும் நடுச்சாமத்திலும் கொட்டிலில் சத்தம் கேட்டது. மோட்டரைக் கிளப்ப உதவும் கொள்ளளவியை (கப்பாசிற்றரை) மாற்றினார்கள், கொஞ்ச நாளில் அதுவும் போயிற்று. ஆவணி மாதத்தில் தண்ணீர் கரித்தது. கடைசியில் மோட்டரின் சுருள் எரிந்து, கொட்டில் முழுவதும் கருகிய வார்னிஷ் மணம்.

அக்கம்பக்கத்தில் கேட்டால் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள். 1 குதிரைவலு தாங்கவில்லையா, ஒன்றரை போடுங்கள். நகரத்துக் கடையிலும் ஒன்றரைக் குதிரைவலுப் பம்பியோடு 24 லீற்றர் தாங்கி சேர்ந்த ஒரு தொகுதியைக் காட்டி, நிலாவெளியில் இதைத்தான் நிறையப் பேர் வாங்குகிறார்கள் என்றார்கள். பக்கத்து வளவுகளைப் பார்த்தால் அது பொய்யில்லை. ஆனால் எரிந்த மோட்டருக்குப் பதிலாக அதைவிடப் பெரியதை வாங்குவதற்கு முன், முதல் மோட்டரை எரித்தது எது என்று பார்க்க வேண்டாமா? பார்த்தபோது தெரிந்தது, வலு போதாததால் அந்த மோட்டர் சாகவில்லை. தாங்கிதான் அதைக் கொன்றது. கிணற்றைப் பொறுத்தவரையிலோ, 1 குதிரைவலு என்பதே கூடுதல்.

தாங்கிக்குள் என்ன நடந்தது

வேலைக்குக் கிண்ணியாவிலிருந்து நானா ஒருவர் வந்தார். இந்தக் கரையோரத்தில் குழாய் வேலை செய்து பழுத்த கை. வந்ததும் பம்பியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்பனரின் பிடியால் தாங்கியை உச்சியிலிருந்து அடிவரை தட்டிக்கொண்டே வந்தார். நல்ல நிலையில் உள்ள தாங்கி மேல்பாதியில் கணீரென்றும் கீழ்ப்பாதியில் மந்தமாகவும் ஒலிக்கும். இது உச்சி முதல் அடி வரை ஒரே மந்தம்.

"காற்றே இல்லைத் தம்பி. கழுத்து வரைக்கும் தண்ணீர்" என்றார்.

அமுக்கத் தாங்கியின் வேலையைச் செய்வது அதற்குள் அடைபட்ட காற்றுத்தான். தண்ணீர் நசியாது, காற்று நசியும். பம்பி தண்ணீரை உள்ளே தள்ளும்போது காற்று சுருங்கி விசையைச் சேமிக்கிறது. குழாயைத் திறந்தால் அந்தக் காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அமுக்கம் கீழ் எல்லைக்கு இறங்கிய பிறகே சுவிட்ச் பம்பியை மீண்டும் கிளப்பும். காற்று இல்லாத தாங்கி வெறும் தடித்த குழாய். ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர் வெளியேறியதும் அமுக்கம் சரிந்துவிடும்.

இந்தப் பழைய வகைத் தாங்கிக்குள் இறப்பர்ப் பை கிடையாது. காற்றும் தண்ணீரும் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருக்கும். அமுக்கம் கூடக் கூடக் காற்று தண்ணீரில் அதிகம் கரையும். கரைந்த காற்று குழாய் வழியே வெளியேறிவிடும். இதை ஈடுசெய்யவே அந்தக் காலத்துத் தாங்கிகளின் பக்கவாட்டில் ஒரு காற்றூட்டும் கருவியை வைத்தார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பம்பியின் உறிஞ்சும் பக்கத்துக்குப் போகும். பம்பி கிளம்பி நிற்கும் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது காற்று தாங்கிக்குள் சேரும். நம் தாங்கியிலும் அது இருந்த தடம் தெரிந்தது. முன்பு எப்போதோ பம்பியை மாற்றிய யாரோ அந்த மெல்லிய குழாயைக் கழற்றிவிட்டு, துளையில் பித்தளை அடைப்பு ஒன்றை இறுக்கியிருக்கிறார். காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்டு ஒழுக்கு என்று நினைத்திருக்கலாம். அன்று தொடக்கம் தாங்கி மெதுவாக மூழ்கிக்கொண்டு வந்திருக்கிறது.

இதன் விளைவைக் கணக்காகப் பார்க்கலாம். பழைய பம்பி நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 லீற்றர் தள்ளியது. தாங்கியிலிருந்து ஒரு சுற்றில் கிடைத்தது ஒன்றரை லீற்றர். ஒரு ஷவர் நிமிடத்துக்கு 8 லீற்றர் எடுக்கிறது என்றால், 11 செக்கன் அமைதி, 2 செக்கன் ஓட்டம், மறுபடி 11 செக்கன் அமைதி. ஒருவர் 10 நிமிடம் குளித்து முடிப்பதற்குள் மோட்டர் 45 தடவைக்கு மேல் கிளம்பி நிற்கும். ஒற்றைத் தறுவாய் (சிங்கிள் பேஸ்) மோட்டர் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சூட்டை ஆற்றுவதற்கு ஓட்டத்தில் விசிறி சுழல வேண்டும். இரண்டு செக்கனில் என்ன ஆறும்? கொள்ளளவி அடிக்கடி போனதும், சுவிட்சின் தொடுமுனைகள் கரிந்து குழி விழுந்திருந்ததும், கடைசியில் சுருள் எரிந்ததும் இந்த ஒரே காரணத்தால்தான்.

நடுச்சாமத்துச் சத்தம் வேறு வழக்கு. மோட்டர் எரிவதற்கு முன்பே சின்னம்மா தொலைபேசியில் சொன்னபோது அதற்கு ஒரு சோதனையைச் செய்யச் சொல்லியிருந்தேன். தாங்கியிலிருந்து வீட்டுக்குப் போகும் கேட் வால்வைப் பூட்டிவிட்டு அமுக்கமானியைப் பார்க்க வேண்டும். முள் அசையாவிட்டால் ஒழுக்கு வீட்டுப் பக்கம். வால்வு பூட்டியும் முள் இறங்கினால் தண்ணீர் கிணற்றுக்கே திரும்புகிறது. முள் இறங்கியது. உறிஞ்சு குழாயை வெளியே இழுத்தபோது அதன் அடியில், தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுக்கும் புட் வால்வின் தட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே சுண்டுவிரல் நகமளவு சிப்பித் துண்டொன்று குறுக்காகக் கிடந்தது. தட்டு முழுதாக மூடவே முடியாது. இறப்பர் விளிம்பில் சிப்பியின் வளைவு அப்படியே பதிந்திருந்தது. நானா அதை எடுத்துச் சின்னம்மாவின் உள்ளங்கையில் வைத்து, "ரீச்சர், உங்கள் கரண்ட் பில்லில் பாதி இதுக்குத்தான்" என்றார். பாதி என்பது மிகைதான்.

கிணறு சொன்ன எல்லை

கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகளின் காலம் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை. மழையோ ஐப்பசியில் தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. கபானா நிறைந்திருக்கும் மாதங்களில்தான் கச்சான் காற்று நிலத்தைக் காயவைக்கிறது, கிணறும் அடித்தளத்துக்கு இறங்குகிறது. தேவை உச்சத்திலும் நீர்மட்டம் பள்ளத்திலும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது நிலாவெளியின் தலையெழுத்து. ஒரு நாளுக்குள்ளேயும் உச்சவேளை ஒன்று உண்டு. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவுக்குக் காலையில் படகேறிப் போகிறவர்கள் மதியத்துக்குச் சற்று முன்பின்னாகக் கரைக்குத் திரும்புவார்கள். உப்பும் மணலுமாக எல்லோரும் ஒரே வேளையில் குளியலறைக்குள் நுழைவார்கள்.

இந்தக் கரையோர மணலுக்குள் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் கடல்நீருக்கு ஏறத்தாழ 1.025. இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து 1880களின் இறுதியில் ஒல்லாந்தரான படோன் கைபென் ஒரு கணக்குக்கு வந்தார்; 1901இல் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனியே அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். இறைப்பதால் நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கி அப்படியே நின்றால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் 4 மீற்றர் வரை மேலெழக்கூடும். ஒரு பகலில் நடந்துவிடும் காரியமல்ல; ஆனால் ஒரு பருவம் முழுவதும் வேகமாக இறைத்தால் கிணற்றுக்கு நேர்கீழே உப்புநீர் கூம்புபோல எழும்பும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கரையில் கடல்நீர் புகுந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கப் பாடுபட்டார்கள். மறுபடி மறுபடி முழுவதும் இறைத்த சில இடங்களில் உப்பு குறையாமல் கூடியது. மேலேயிருந்த மெல்லிய நன்னீரை எடுத்துவிட்டால் கீழேயிருப்பதுதானே வரும்? பின்னர் மழைதான் கிணறுகளைத் தேற்றியது. சின்னம்மாவுக்கு இது நேரில் கண்ட பாடம் என்பதால் அதிகம் விளக்கத் தேவை வரவில்லை.

நம் கிணற்றில் ஒரு சோதனை செய்தோம். இரவல் வாங்கிய 1 குதிரைவலுப் பம்பியால் ஒரு மணித்தியாலம் இடைவிடாமல் இறைத்தோம். நீர்மட்டம் ஓர் அடி இறங்கியது. தண்ணீரில் உப்பு கூடக் கூட வாசிப்பு ஏறும் பேனா வடிவக் கடத்துதிறன் மானியில் தொடக்கத்தில் 900 அளவில் இருந்த வாசிப்பு, முடிவில் 1,600 மைக்ரோ சீமன்ஸைத் தொட்டது. கடல்நீரின் வாசிப்பு 50,000 அளவில் இருக்கும். கிணற்றில் அதன் சிறு துளி கலந்தாலும் மானி காட்டிக்கொடுத்துவிடும். உப்பிலுள்ள குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டும்போது நாக்குக்கும் தெரியத் தொடங்கும். ஆவணி மாதத்துத் தேநீர் கரிக்கிறது என்று பயணிகள் சொன்னதற்கு விளக்கம் அங்கே கிடைத்தது.

இன்னொன்றும் தெரிந்தது. புட் வால்வு கிணற்றின் அடியிலிருந்து அரை அடி உயரத்தில்தான் தொங்கியது. எந்தக் கோடையிலும் காற்று இழுத்துவிடக் கூடாதென்று அவ்வளவு ஆழத்தில் விட்டிருக்கிறார்கள். ஆனால் பாலாடையை எடுக்கிறவர் அகப்பையை அடிவரை விடுவதில்லை. கிணற்றில் மேலேயுள்ள தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும், மெதுவாகவும் எடுக்க வேண்டும்.

எதை வாங்குவது

நான் சொன்னது அரைக் குதிரைவலுப் பம்பியும், காற்றையும் தண்ணீரையும் இறப்பர்ப் பை பிரித்து வைக்கும் 100 லீற்றர் தாங்கியும். இங்கேதான் சின்னம்மாவோடு வாக்குவாதம். "தம்பி, ஒரு குதிரைவலுவுக்கே ஷவர் சரியாக வரவில்லை. நீ அரைக் குதிரைவலு என்கிறாய்" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் கேட்டவர், அமுக்கம் கூடும் வீதத்தில் காற்றின் கனவளவு குறையும் என்ற பொயிலின் விதியைக் கரும்பலகையில் எத்தனையோ வகுப்புகளுக்கு எழுதிக் காட்டியவர் என்பதால், பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

சுவிட்ச் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலில் பம்பியைக் கிளப்பி 40இல் நிறுத்துகிறது, அதாவது 1.4 பாரிலிருந்து 2.8 பார் வரை. தாங்கியின் பைக்கு வெளியே முன்கூட்டி அடைத்த காற்று 18. மூன்றோடும் வளிமண்டல அமுக்கமான 14.7ஐக் கூட்டினால் 34.7, 54.7, 32.7. 100 லீற்றர் தாங்கியில் பம்பி கிளம்பும் தறுவாயில் காற்றின் கனவளவு 94 லீற்றர், நிற்கும் தறுவாயில் 60 லீற்றர். வித்தியாசமான 34 லீற்றர்தான் பம்பி ஓடாமலே நமக்குக் கிடைக்கும் தண்ணீர். கடையில் காட்டிய 24 லீற்றர் தாங்கியில் இது 8 லீற்றர்.

சிறிய மோட்டர் கிளம்பினால் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பழகிய அளவுகோல். நிமிடத்துக்கு 60 லீற்றர் தள்ளும் பெரிய பம்பி 8 லீற்றரை 8 செக்கனில் நிரப்பிவிட்டு நின்றுவிடும். நிமிடத்துக்குச் சராசரி 25 லீற்றர் தள்ளும் அரைக் குதிரைவலு 34 லீற்றரை நிரப்ப ஒன்றேகால் நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மோட்டருக்கு மிக மோசமான நிலைமை, குழாயில் எடுக்கும் தண்ணீர் பம்பி தள்ளுவதில் சரிபாதியாக இருக்கும்போது வரும். அப்போது மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை கிளம்பும் என்று பார்த்தால், பெரிய பம்பியும் சிறிய தாங்கியும் 110 தடவையைத் தாண்டும். சிறிய பம்பியும் பெரிய தாங்கியும் 11. அந்த இரண்டு எண்களையும் பார்த்த பிறகு சின்னம்மா விவாதத்தை விட்டுவிட்டார். ஷவர் பொங்கிப் பொங்கி வந்ததும் தாங்கியின் குறைதான் என்பதையும் அவரே சொல்லிக்கொண்டார். இரண்டு ஷவரும் சமையலறைக் குழாயும் ஒன்றாகத் திறந்தாலும் தேவை நிமிடத்துக்கு 20 லீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

தாங்கியின் விலை பம்பியின் விலையைத் தாண்டியது. காசு தாங்கியில் போக வேண்டிய இடம் இது. தாங்கியே இல்லாமல் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியோடு மட்டும் ஓடும் பம்பிகளும் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை ஒவ்வொரு குழாய் திறப்புக்கும் மோட்டரைக் கிளப்புபவை. பயணிகள் குழாயைச் சரியாகப் பூட்டாமல் போகும் ஓர் இடத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீர்மூழ்கிப் பம்பியும் இங்கே வேண்டாம். உறிஞ்சும் பம்பிக்குக் கொள்கையளவில் 10.3 மீற்றர், நடைமுறையில் 7 மீற்றர் வரை எல்லை உண்டு. நமக்குத் தேவை 4 மீற்றருக்கும் குறைவு. உப்பும் மணலும் கூடிய அடித்தண்ணீரில் ஒரு மோட்டரை மூழ்கடித்து வைப்பானேன்?

கடற்காற்றுக்கு எதை வாங்கினாலும் துருப்பிடிக்கும். எது முதலில் என்பதுதான் கேள்வி. பை வைத்த தாங்கிகளில் முதலில் போவது அடிப்பக்கத்து இணைப்புத் தட்டு. உடல் எபொக்சி பூச்சோடு நன்றாக இருக்க, அந்தத் தட்டு நாகம் பூசிய சாதாரண இரும்பாக இருக்கும். துருவாத உருக்குத் தட்டு பொருத்திய தாங்கியைக் கேட்டு வாங்கினோம். துருவாத உருக்கிலும் 304 என்ற தரம் குளோரைட்டுக்குப் புள்ளி புள்ளியாக அரிக்கும். மொலிப்டினம் கலந்த 316 அதைவிடத் தாங்கும், விலையும் ஏறும்.

மின்கம்பியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து கொட்டிலுக்கு 40 மீற்றர் தூரம் 1.5 சதுர மில்லிமீற்றர் கம்பி போயிருந்தது. அந்த நீளத்தில் ஒவ்வோர் அம்பியருக்கும் ஒரு வோல்ற்றுக்குச் சற்று மேல் வீழ்ச்சி. பழைய மோட்டர் கிளம்பும்போது 30 அம்பியர் இழுத்தால் 35 வோல்ற் கம்பியிலேயே போய்விடும். 230இல் மிஞ்சுவது 195. அந்த வீழ்ச்சிக்கு மின்சார சபையைத் திட்டுவதில் பயனில்லை. 2.5 சதுர மில்லிமீற்றர் கம்பி இழுத்து, கொட்டிலுக்கென்று, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் தனி நில இணைப்பும் போட்டோம். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று தொடும் இடம் அது.

பூட்டிய விதம்

பழைய தாங்கியை இறக்குவதற்கே நல்ல பாடுபட்டோம். வடிகட்டும் குழாய் துருவால் அடைத்திருந்தது. நானா அடியில் ஒரு துளை போட்டதும் தேங்காய் நார்க்குழியில் ஊறிய தண்ணீரின் நிறத்தில் பீறிட்டது. சுவிட்சுக்குப் போகும் கால் அங்குலக் குழாயும் இதே சேற்றால் பாதி அடைபட்டுக் கிடந்தது. சுவிட்சுக்கு அமுக்கம் தாமதமாகப் போய்ச் சேர, பம்பி நிற்க வேண்டிய இடத்தையும் தாண்டி ஓடியிருக்கும். புதிய சுவிட்ச் போடுகிறவர்கள் இந்தக் குழாயையும் சேர்த்து மாற்றாவிட்டால் பழைய வியாதி புதிய சுவிட்சிலும் தொடரும்.

உறிஞ்சு குழாய் ஒன்றேகால் அங்குலப் பி.வி.சி. கிணற்றிலிருந்து பம்பி வரை ஒரே சீராக மேல்நோக்கிச் சாய்ந்து வர வேண்டும். நடுவில் எங்காவது மேடு விழுந்தால் அங்கே காற்று தங்கும், தங்கினால் பம்பி தண்ணீர் பிடிக்காது. நானா இதில் விட்டுக்கொடுக்கவில்லை. நூல் பிடித்துப் பார்த்து, ஒரு முழங்கையை வெட்டி மறுபடி ஒட்டினார். புட் வால்வை நீர்மட்டத்துக்கு இரண்டு அடி கீழே மட்டும் தொங்கவிட்டோம். அதன் வெளிப்புறத்தில் மெல்லிய துருவாத உருக்கு வலை. இனிச் சிப்பி உள்ளே போகாது. மேலே எடுத்ததால் கடுங்கோடையில் காற்று இழுக்கும் ஆபத்து உண்டு என்பதால், கிணற்றுக்குள் ஒரு மிதவைச் சுவிட்சையும் தொங்கவிட்டோம். நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் பம்பி கிளம்பாது.

பம்பிக்கும் அமுக்கச் சுவிட்சுக்கும் இடையில் எந்தப் பூட்டு வால்வும் வைக்கக் கூடாது. யாராவது தெரியாமல் அதைப் பூட்டிவிட்டால் சுவிட்ச் அமுக்கத்தை அறியாது, பம்பி ஓடிக்கொண்டேயிருக்கும், எங்காவது வெடிக்கும். சுவிட்சும் அமுக்கமானியும் தாங்கியின் வாயருகே ஒரே இடத்தில். அதையடுத்து மிகை அமுக்கத்தை வெளியேற்றும் காப்பு வால்வு. அதன் பிறகே கேட் வால்வு, வடிகட்டி, வீடு. இந்த ஒழுங்கை மாற்றிப் பூட்டிய வேலைகளை ஊரில் நிறையக் காணலாம். பம்பியையும் தாங்கியையும் மணலிலிருந்து ஓர் அடி உயர்த்திய கொங்கிறீட் மேடையில் வைத்து, இரு பக்கமும் யூனியன் போட்டோம். அடுத்த தடவை கழற்றுகிறவர் குழாயை வெட்ட வேண்டியதில்லை.

தாங்கி கடையிலிருந்து வரும்போது உள்ளே 22 இறாத்தல் காற்று இருந்தது. சுவிட்ச் கிளம்புவதோ 20இல். அப்படியே விட்டிருந்தால் 22இலேயே பையில் தண்ணீர் தீர்ந்து, பம்பி கிளம்பும் வரை ஷவர் ஒரு கணம் அறுந்து வரும். கிளம்பும் அமுக்கத்தைவிட 2 குறைவாகக் காற்று இருப்பதே முறை. தாங்கி வெறுமையாக இருக்கும்போது, சைக்கிள் வால்வைப் போன்ற அதன் முனையை அழுத்திக் காற்றைச் சிறிது சிறிதாக வெளியேற்றினேன். சீறல், அளவுகோல், மறுபடி சீறல். 18இல் மூடியைத் திருகினேன்.

பிறகு பம்பியின் உடலில் தண்ணீர் வார்த்து நிரப்பிச் சுவிட்சைப் போட்டோம். முள் சிறிது நேரம் பூச்சியத்திலேயே நின்றது. நானா கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னார். பிறகு துடித்து, 10, 20 என்று ஏறி, 40இல் டக்கென்ற சத்தத்தோடு நின்றது. குழாயைத் திறந்து வாளி வாளியாக அளந்தோம். பம்பி மீண்டும் கிளம்பும் முன் கிடைத்தது 33 லீற்றர். சின்னம்மா நாட்காட்டித் தாளை எடுத்துவந்து 34க்குப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

மலசலகூடங்களைத் தனியே பிரித்தது சின்னம்மாவின் யோசனை. தொட்டி நிரம்புவதற்கு அமுக்கம் எதற்கு என்று கேட்டார். உண்மைதான். கூரைக்குச் சமமான உயரத்தில் 500 லீற்றர் கறுப்புத் தாங்கி ஒன்றை வைத்து அந்தக் குழாய்களை மட்டும் அதனோடு இணைத்தோம். தொட்டியில் கசிவு வந்தாலும் இனி இரவில் மோட்டர் கிளம்பாது. மின்சாரம் போனால் அமுக்கத் தாங்கியில் இருப்பது 30 சொச்சம் லீற்றர்தான்; 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த நாட்டில் அதை மட்டும் நம்பி விருந்தினரை வைத்திருக்க முடியாது. சமையலறைக்கும் இந்தத் தாங்கியிலிருந்து ஒரு மாற்று வழி, ஒரு வால்வைத் திருப்பினால் போதும்.

பிறகு

அடுத்த பருவத்தில் அதே ஒரு மணித்தியாலச் சோதனையைச் செய்து பார்த்தோம். நீர்மட்டம் அரை அடிதான் இறங்கியது; கடத்துதிறன் 1,100ஐத் தாண்டவில்லை. ஷவர் ஒரே சீராக வருகிறது. பம்பி கிளம்புவதும் நிற்பதும் திண்ணையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. புறாத்தீவுப் படகு திரும்பும் வேளையில் இரண்டு ஷவரும் சேர்ந்து ஓடும்போது அமுக்கம் கொஞ்சம் இறங்குகிறது, யாரும் முறையிடவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆவணிக் கடைசியில் தண்ணீர் இன்னும் இலேசாகக் கரிக்கிறது. முன்புபோல இல்லை என்றாலும் குடிக்கவும் தேநீருக்கும் போத்தல் தண்ணீர்தான். ஒரே மணலுக்குள் இருக்கும் நன்னீரை அக்கம்பக்கத்து வளவுகளும் பெரிய பம்பிகளால் இறைக்கும்போது, ஒரு கிணற்றின் சிக்கனம் ஓரளவுக்குத்தான் உதவும். பக்கத்து வளவுக்காரர் தன் ஒன்றரைக் குதிரைவலு அடிக்கடி நிற்கிறது என்று நானாவைக் கூப்பிட்டிருக்கிறார். நானா முதலில் அவருடைய தாங்கியைத் தட்டிப் பார்த்தாராம்.

கபானாவின் பராமரிப்புக்குச் சின்னம்மாவிடம் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. பருவம் தொடங்குவதற்கு முன், சித்திரையில், மின்சாரத்தை நிறுத்தித் தாங்கியை முழுவதும் வடித்துவிட்டுக் காற்றை அளக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இருக்கும்போது அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. கடைசியாக அளந்தபோது 17 இருந்தது. கால் பம்பால் நாலைந்து மிதி மிதித்து 18 ஆக்கினோம். காற்று முனையை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது என்று பொருள்; அதற்கான மாற்றுப் பை ஒன்றை வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறார்.